தன் உடல்மீதே அருவருப்பு ஏன்?

பாலியல் எண்ணம் எழுந்தாலே “சீ, நான் கேடுகெட்டவன்” என்று தன்னையே வெறுக்கும் இளைஞர்கள் உண்டு. வெளியில் சொல்லக் கூச்சப்படுவதால் வீட்டாருக்கு இது தெரிவதே இல்லை.

அருவருப்பு அடிப்படையில் ஒரு காவல் உணர்வு. கெட்டுப்போன உணவை உடனே துப்ப வைப்பது அதுதான். ‘உடலாசை அசிங்கம்’ என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவருக்கு அதே உணர்வு தன்மீதே திரும்பிவிடுகிறது. உணவைத் துப்பிவிடலாம், தன்னைத் துப்ப முடியாது. எத்தனை முறை குளித்தாலும் மனம் ஆறாததற்குக் காரணம் இதுதான்.

இதோடு சேர்ந்து வருவது ‘தாது நஷ்டம்’ என்ற பயம். விந்து வெளியேறியதால்தான் உடல் தேய்கிறது என்று நம்பிச் சோர்வு, தூக்கமின்மையால் அவதிப்படுவோர் உண்டு. இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் இதற்கு ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டார். விந்து வெளியேறுவதால் உடல் பலவீனமாகாது. வாட்டுவது பயமும் குற்ற உணர்வுமே. லேகியம் அதைத் தீர்க்காது.

“நான் செய்தது தவறு” என்பவர் திருத்திக்கொள்ளலாம். “நானே அசிங்கம்” என்பவர் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பார். தனிமையில் வெறுப்பு இன்னும் வளரும். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடமும் இந்த வெறுப்பு தங்கிவிடுவதுண்டு. குற்றம் செய்தவர் வேறொருவர் என்பதை அவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால், அரசு கிளினிக் டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ மனம்விட்டுப் பேசலாம். பிள்ளைகள் உடலைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் “சீ” என்று அதட்டாமல் பதில் சொல்வது, இந்த வெறுப்பு முளைக்காமலே தடுக்கும்.