இனிப்பு எங்கே போயிற்று?

செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்தில் ஒரு நாள் மாலை, மாணவர் ஒருவர் தாம் படித்துக்கொண்டிருந்த நாவலைக் காட்டி, "சார், பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு ஒயினை 'டிரை' என்று எழுதியிருக்கிறார்களே! நீர்மம் எப்படி உலர்ந்ததாக இருக்க முடியும்?" என்று கேட்டார். நிலையத்தின் வெளியே தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை குவிந்திருந்தது. விடையை அதிலிருந்தே தொடங்கினேன்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை நாம் இனிப்புக்காகவே வாங்குகிறோம். பிரான்சில் போர்தோ பகுதியிலுள்ள லஃபீட் தோட்டத்திலும் இனிப்பான திராட்சைதான் விளைகிறது. 1868-இல் ஜேம்ஸ் டி ரோத்ஸ்சைல்டு வாங்கிய அத்தோட்டம் இன்றும் அவர் குடும்பத்தின் வசமே உள்ளது. ஆனால் அங்கே செய்யப்படும் சிவப்பு ஒயினில் இனிப்பு இல்லை. அது எங்கே போயிற்று?

ஒயினுக்கான திராட்சைச் சாறு ஒரு லிட்டரில் சுமார் 200 கிராம் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அதை உண்டு, ஏறக்குறையப் பாதி எடையை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இதுவே நொதித்தல். இது உயிருள்ள ஈஸ்டின் செயல் என்பதை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூயி பாஸ்டர் நிறுவினார். லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை எஞ்சாத ஒயினைப் பொதுவாக 'டிரை' என்பர். ஈரமின்மை அன்று, இனிப்பின்மையே அச்சொல்லின் பொருள்.

சிவப்பு ஒயினைச் சுவைத்தால் நாக்கு வறள்வது வேறு செய்தி. சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க விடுவதால் நிறத்துடன் டானின் என்னும் பொருளும் இறங்குகிறது. கடுந்தேநீரிலும் பாக்கிலும் நாம் உணரும் துவர்ப்பு அதனுடையதே.

நொதித்தல் முடிந்ததை எப்படி அறிவது? பால்காரரின் பால்மானியைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவத்தில் இயங்கும் நீர்மமானியைச் சாற்றில் மிதக்க விடுவார்கள். தொடக்கத்தில் ஒப்படர்த்தி சுமார் 1.085, கருவி உயர்ந்து மிதக்கும். சர்க்கரை குறையக் குறைய அது தாழும். ஆல்கஹால் நீரைவிட இலேசானது. ஆகவே முடிவில் ஒப்படர்த்தி 1-க்கும் சற்றுக் கீழே, ஏறத்தாழ 0.993-க்கு வந்துவிடும்.

மறுபாதியான வாயுவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 50 லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளிவருகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; நிறமில்லை, காற்றோட்டமில்லாத இடத்தில் தாழ்வான பகுதியில் தேங்கும். நொதிக்கும் தொட்டியில் இறங்கிய ஒயின் தொழிலாளர் பலர் இவ்வாறு உயிரிழந்திருக்கின்றனர்.

ஒயின் ஆலை நம் ஊரில் இல்லாவிட்டாலும் இந்தப் பாடம் நமக்கும் உரியது. பாழ் கிணறுகளிலும், ஆலைகளின் மூடிய தொட்டிகளிலும் கரியமில வாயு தேங்கலாம். கழிவுக் குழிகளில் வேறு நச்சு வாயுக்களும் சேரும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பலாகாது. காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கரியமில வாயு இருந்தாலே மனிதர் சில நிமிடங்களில் நினைவிழப்பார். அப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். எரியும் வாயு இருந்தாலோ விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும். வாயு அளக்கும் கருவியால் சோதித்து, காற்றோட்டம் செய்த பின்பே இறங்க வேண்டும். மயங்கியவரை மீட்க மூச்சுக்கருவியின்றிக் குதிப்பவரும் அவரோடு மடிகிறார்.

ரயில் வந்தது. கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் தம் அண்ணன் தொட்டி கழுவும் வேலை செய்வதாகச் சொன்ன மாணவர், "இன்றிரவே அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன், சார்" என்று ஏறினார்.