அருவிக்கு மேலும் கீழும்

ஆனி மாதம் பிறந்து, மேல்காற்று வலுத்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியே மலைக்கு அப்பாலுள்ள மேகங்கள் கிழக்கே புகுந்து, தென்காசி வீதிகளில் இளவெயிலும் சாரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரத் தொடங்கிவிட்டால், தமிழகத்தின் நான்கு திசைகளிலிருந்தும் ஜனங்கள் குற்றாலத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பேரருவியின் கீழ் நின்று தலை குளிர நனைகிறார்கள், குற்றாலநாதரைத் தரிசிக்கிறார்கள், ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த ஆனந்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், அருவி என்பது ஓர் ஆற்றின் நெடிய யாத்திரையில் நம் கண்ணுக்கு எளிதில் அகப்படும் ஒரு கணம் மாத்திரமே. அந்த ஆறு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைக் கால்நடையாகச் சென்று காண்கிறவனுக்கே குற்றாலம் தன்னை முழுமையாகக் காட்டுகிறது.

ஆற்றின் பெயர் சிற்றாறு. திரிகூடமலையின் அடர்ந்த காட்டில் உற்பத்தியாகி, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் படிப்படியாக இறங்கி, பேரருவியாக ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறது. குதிக்கிற தண்ணீர் நேரே தரைக்கு வந்துவிடுவதில்லை. பாறையின் நடுவே பொங்குமாகடல் என்று பெயர் பெற்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, தன் வேகத்தைப் பெரும்பாலும் அங்கேயே இழந்து, பொங்கி வழிந்த பிறகே குளிப்பவர்களின் தலையைத் தொடுகிறது. அந்தப் பள்ளம் இல்லாதிருந்தால் பேரருவியில் எவரும் நின்று குளித்திருக்க முடியாது. வெள்ளம் பெருகி, கீழே கட்டியிருக்கும் வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீஸார் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள்; ‘ஆர்ச்சைத் தாண்டிட்டு’ என்று சொன்னால் இவ்வூரில் சிறு பிள்ளைக்கும் அதன் பொருள் விளங்கும்.

ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றுக்கெல்லாம் வாகனம் போகிறது. ஆகவே அவற்றைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. நடந்தே தீரவேண்டிய இடம் செண்பகாதேவி. சிற்றருவியின் பக்கமாக ஏறும் பாதை சுமார் 2 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள்ளேயே கடைவீதியின் எண்ணெய் மணமும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் மறைந்து, கால்வைக்கும் கல்லும், வேர்ப்பின்னலும், இடப்புறமோ வலப்புறமோ விட்டு நீங்காத நீரோசையும் மட்டுமே நம்மோடு வருகின்றன. நாங்கு மரத்தின் இளந்தளிர்கள் பச்சைக்கு மாறுமுன் செந்நிறமாய்த் தொங்கும் காலத்தில் போகிறவன், அவற்றைப் பூவென்றே முதலில் எண்ணுவான். கருமந்தி கிளைக்குக் கிளை தாவும். மலையணில் நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி பழம் கொறிக்கும். பாக்கியமிருந்தால் இருவாச்சியின் சிறகோசை தலைக்கு மேலே கேட்கும்.

சாரல் காலத்தில் இந்தப் பாதைக்கு அதிபதி அட்டைதான். ஈரச் சருகின் நுனியில் பின்புறத்தை ஊன்றிக்கொண்டு, முன்புறத்தைத் தூக்கிக் காற்றில் இங்குமங்கும் துழாவி, வருகிற உயிரின் வெப்பத்தையும் அதிர்வையும் அது தேடுகிற விதத்தை, குனிந்து நின்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். அருவருப்பு அகன்று வியப்பு மிஞ்சும். வழிகாட்டியாக வரும் இளைஞர் அதைப்பற்றி அலட்டிக்கொள்வதில்லை. “அய்யா, அட்டை கடிச்சா ரத்தந்தான் போகும், பாசி படிஞ்ச பாறையில மட்டும் காலை வச்சிராதீய” என்பதே அவருடைய எச்சரிக்கை. அவர் சொல்வது முற்றும் உண்மை. செண்பகாதேவி அருவி உயரத்தில் சிறியது. ஆனால் அதனடியிலுள்ள கசம் ஆழமும் சுழலும் கொண்டது. பக்கத்திலேயே செண்பகாதேவி அம்மன் கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று பக்தர்கள் மலையேறி வந்து வழிபடுகிறார்கள். இதற்கும் மேலே, மலைத்தேனீக்கள் அடை கட்டும் பாறைகளின் நடுவே விழுவதால் பெயர் பெற்ற தேனருவிக்குச் சாதாரண மக்களுக்கு அனுமதியில்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் காட்டின் அருமையை அறிந்து வந்தவர்கள் முன்பும் உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட இவ்விடத்து மண்ணையும் ஈரத்தையும் நம்பித் தோட்டங்கள் போட்டார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவர சாஸ்திரி இம்மலைகளில் ஏராளமான செடிகொடிகளைச் சேகரித்தார். குற்றாலத்தின் பெயரையே தம் விஞ்ஞானப் பெயரில் தாங்கிய தாவரங்கள் இன்றும் நூல்களில் இருக்கின்றன. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்பு ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்து, ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்களை வரவழைத்து, சாரலோடு சேர்த்துக் கவிதையையும் அனுபவிக்கச் செய்தார். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் வரும் மலைவளத்தை, அந்த மலையின் நிழலிலேயே அமர்ந்து விளக்கக்கூடிய பேறு அவருக்கு வாய்த்தது.

இன்று குற்றாலக் காடுகள் 2015-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் அடங்கியவை. தெற்கே களக்காடு முண்டந்துறைக்கும் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகளுக்கும் நடுவே, யானையும் புலியும் சஞ்சரிப்பதற்கான இணைப்பாக இந்தப் பிரதேசம் அமைந்திருக்கிறது. ஆகவே இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்ட நேரத்தில் ஏறலாம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் தமிழ்நாட்டுக்கு ஒரு கொடிய பாடமாயிற்று. அதற்குப் பிறகு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலமெங்கும் 40 பாதைகளை முன்பதிவு செய்து நடப்பதற்குத் திறந்தபோது, குற்றாலம்–செண்பகாதேவிப் பாதையும் அவற்றில் ஒன்றாயிற்று. மலையடிவார ஊர்களின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே வழிகாட்டிகளாக்கியிருப்பது இத்திட்டத்தின் ஆகச் சிறந்த அம்சம். காட்டை நன்கறிந்தவர்களுக்கு அந்த அறிவாலேயே ஜீவனம் நடக்குமானால், காட்டைக் காப்பதில் அவர்களைவிட அக்கறையுள்ளவர் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

கட்டணமும் கட்டுப்பாடும் எதற்கு என்று முணுமுணுப்பவர்கள் 2024 மே 17-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம், குளித்துக்கொண்டிருந்தவர்கள் சுதாரிப்பதற்குள் பாய்ந்து, பள்ளி மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. மலையின் தலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அது தெரிந்தவர் ஒருவர் உடன் இருப்பது அலங்காரத்துக்காக அன்று.

இனி, அருவிக்குக் கீழே. இங்கேதான் நம்மவர்களின் பார்வை அடியோடு நின்றுவிடுகிறது. குளித்த தண்ணீர் சாக்கடையில் போய்ச் சேருகிறது என்பதுபோல் எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். சிற்றாறோ தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுக்கு அணைக்கட்டு கால் பிரித்து, பாவூர், வீரகேரளம்புதூர், மானூர் என்று ஊர் ஊராகக் குளங்களை நிரப்பி, கார், பிசானம் ஆகிய இருபோகத்துக்கும் உதவி, கங்கைகொண்டானைத் தாண்டிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. ஒரு சரணாலயத்தில் பிறந்த ஆறு, முடியுமுன்னே 2013-இல் புள்ளிமான்களுக்கென அறிவிக்கப்பட்ட கங்கைகொண்டான் சரணாலயத்தின் அருகாகவும் செல்லுகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்!

இக்குளங்களே நம் சதுப்பு நிலங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, மறுகால் பாய்ந்து, தை மாதத்தில் நீர் சற்றே வடிந்து உள்வாயில் சேறு தெரியத் தொடங்கும்போது, அதிகாலையில் கரைமேல் நடந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நெல்வயல். மறுபக்கம் சம்பும் கோரையும் அடர்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு. நாமக்கோழிகள் கூட்டமாய் மிதக்கும். அரிவாள்மூக்கன் சேற்றைக் குத்திக் கிளறும். கூழைக்கடா நீரைத் தழுவிப் பறந்து இறங்கும். நத்தைகுத்தி நாரையின் அலகைச் சற்று உற்றுப் பார்த்தால், மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் ஓர் இடைவெளி விட்டிருப்பது தெரியும். சேற்றிலிருந்து எடுத்த நத்தையைத் தரையில் அழுத்திப் பிடித்து, அலகின் நுனியால் சதையை மட்டும் இழுத்துத் தின்றுவிட்டு, ஓட்டை உடையாமல் போட்டுவிட்டுப் போகிற அதன் சாமர்த்தியத்தைக் காண்பதற்குக் கட்டணம் ஒன்றும் கிடையாது. 2011 முதல் தாமிரபரணிப் படுகையின் குளங்களில் தன்னார்வலர்களும் மாணவர்களும் கூடி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அந்தக் கணக்கினால்தான் எந்தக் குளத்துக்கு என்ன தீங்கு நேர்ந்துள்ளது என்பது வெளியே தெரிகிறது.

தீங்குகளுக்குப் பஞ்சமில்லை. வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன; ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது; ஊர்க்குப்பை கரைச்சரிவில் கொட்டப்படுகிறது; உள்வாய் சிறுகச் சிறுகப் பட்டாவாகிறது. மலையில் ஒரு மரத்தை வெட்டினால் கேட்க ஆளிருக்கிறது. குளத்தில் ஒரு லாரி கட்டிட இடிபாடுகளைக் கொட்டினால் கேட்க ஆளில்லை. மேலே நடப்பவனுக்கு வழிகாட்டி, நேரம், எல்லை எல்லாம் வகுத்துத் தந்த அரசாங்கம், கீழே ஒரு பெயர்ப்பலகைகூட நாட்டவில்லை. கீழப்பாவூர்க் குளக்கரையில் அந்த ஊர்ப் பிள்ளைகளில் நாலைந்து பேருக்குப் பறவைகளையும் மடைகளையும் பற்றிப் பயிற்சி கொடுத்து, தை, மாசி மாதங்களில் காலை வேளைகளில் வருகிறவர்களை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மலைப்பாதையில் பழகிய இளைஞர்களே அவர்களுக்கு முதல் ஆசிரியர்களாக இருக்கலாம். வனத்துறையும் நீர்வளத்துறையும் கலந்து பேசினால், வருகிற தையிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.