பெரிய திரைக்கு ஒரு படம் பரிசு

புதுமனை புகுவிழாவுக்குப் போகும்போது குத்துவிளக்கோ சுவர்க் கடிகாரமோ வாங்கிப் போவது நம் வழக்கம். அதே வீட்டுக் கூடத்தில் 55 அங்குல டிவி ஒன்று புத்தம்புதிதாகச் சுவரில் ஏறியிருக்கும். அந்தத் திரையால் என்னவெல்லாம் காட்ட முடியும் என்பது பெரும்பாலும் அந்த வீட்டாருக்கே தெரியாமல் போய்விடுகிறது. அதைக் கண்முன் கொண்டுவரும் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதைப் போன்ற பரிசு வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் அட்டையில் "4கே" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம். ஒரு படம் திரையில் எவ்வளவு அழகாகத் தெரியும் என்பது அது படமாக்கப்பட்ட நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி அதை டிஸ்க்குக்கு மாற்றியவர்களின் கையிலும், பார்ப்பவர் வீட்டில் இருக்கும் கருவியிலும் இருக்கிறது.

கருவியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் தவறியது அங்கேதான். அக்கா மகன் பிறந்தநாளுக்கு ஒரு 4கே டிஸ்க் வாங்கிப் போனேன். அவனிடம் இருந்த விளையாட்டுக் கருவியில் ப்ளூரே படம் ஓடும் என்று எனக்குத் தெரியும். 4கே டிஸ்க்கும் ஓடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். டிஸ்க்கை உள்ளே தள்ளினான், திரையில் "படிக்க முடியவில்லை" என்று வந்தது. "பரவாயில்ல மாமா, பின்னால ப்ளேயர் வாங்குறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லி அதை அலமாரியில் வைத்தான். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

டிவிடி, ப்ளூரே, 4கே ப்ளூரே மூன்றும் பார்க்க ஒரே அளவு வட்டுகள். உள்ளே இருப்பது வேறு வேறு. நம்மூர் டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். 2006இல் வந்த ப்ளூரேயில் 1920க்கு 1080, சுமார் 20 லட்சம். 2016இல் வந்த 4கே ப்ளூரேயில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். மேலே உள்ள ப்ளேயர் கீழே உள்ள வட்டை ஓட்டும், கீழே உள்ளது மேலே உள்ளதை ஓட்டாது. விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்களிடம் எந்த மாடல் என்று கேட்டுவிடுங்கள். ப்ளேஸ்டேஷன் 4 ப்ளூரேயை ஓட்டும், 4கே டிஸ்க்கை ஓட்டாது. ப்ரோ மாடலும் அப்படியே. டிஸ்க் போடும் வசதியுள்ள ப்ளேஸ்டேஷன் 5 ஓட்டும். டிஸ்க் போடும் வசதியுள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் ஓட்டும், சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி வரும்போது இன்னொரு சிக்கல். சாதாரண ப்ளூரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ. பிரிட்டனும் ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. டொராண்டோ அத்தை ஆசையாக வாங்கி அனுப்பிய டிஸ்க் மதுரை ப்ளேயரில் ஓடாமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். வட்டாரப் பூட்டுப் போடாத டிஸ்க்குகளும் நிறைய உண்டு, அதை வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். 4கே ப்ளூரேக்கு இந்த வட்டாரப் பூட்டு கிடையாது. பல 4கே பெட்டிகளில் அதே படத்தின் சாதாரண ப்ளூரேயும் சேர்ந்து வரும். இப்போது நான் பெரும்பாலும் அப்படிப்பட்ட பெட்டியைத்தான் வாங்குகிறேன். இன்று ஒன்று ஓடும், நாளை ப்ளேயர் மாறினால் மற்றதும் ஓடும்.

"நெட்ஃபிளிக்ஸிலேயே 4கே வருகிறதே, டிஸ்க் எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. 4கே படத்துக்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 4கே டிஸ்க்கிலிருந்து விநாடிக்கு அதிகபட்சம் 128 மெகாபிட் வரை வரலாம். பகல் காட்சிகளில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இருட்டு, புகை, மூடுபனி, தண்ணீர் தெறிப்பது போன்ற இடங்களில்தான் பிடிபடும். "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" தொடரின் கடைசிப் பருவத்தில் 2019இல் வந்த இரவுப் போர் அத்தியாயத்தைப் பார்த்த பலர் ஒன்றுமே தெரியவில்லை என்று புகார் சொன்னது நினைவிருக்கலாம். இருட்டாகவே எடுத்த காட்சி அது. அதை இணைய வழிக்காக மேலும் சுருக்கியபோது கறுப்புப் பகுதிகள் கட்டம் கட்டமாகிப்போயின.

இனி படத்தைப் பற்றிப் பேசலாம். பிலிம் காலத்துப் பழைய படத்தை ஏன் இன்றைய டிவியில் போட வேண்டும் என்று தோன்றலாம். 35 மி.மீ. நெகட்டிவில் பதிந்திருக்கும் நுணுக்கம் டிவிடியில் கால்வாசிகூட வெளிவந்ததில்லை. 65 மி.மீ. நெகட்டிவின் பரப்போ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 1962இல் டேவிட் லீன் எடுத்த "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" இந்த 65 மி.மீ.யில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு ஃப்ரெடி யங். அதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 2012இல், நெகட்டிவை 8கே அளவில் ஸ்கேன் செய்து 4கேயில் புதுப்பித்தார்கள். பாலைவன வெப்பத்தில் நெகட்டிவில் விழுந்திருந்த நுண்ணிய விரிசல்களைக்கூடச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. கிணற்றடியில் இருவர் நிற்கிறார்கள். எதிரே தட்டையான வெட்டவெளி, கானல் நீர் அலையடிக்கிறது. தொடுவானத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அது அசைகிறதா என்பதே சில நொடிகளுக்குத் தெரியாது. பிறகு புள்ளி நீள்கிறது, கானலில் இரண்டாக உடைகிறது, மறுபடி சேர்கிறது, ஒட்டகமாகிறது, ஒட்டகத்தின் மேல் கறுப்பு உடையில் ஓமர் ஷெரீஃப். ஜோர்டான் பாலைவனத்தில், இதற்கென்றே தயாரான நீண்ட தொலைநோக்கு லென்ஸில் எடுத்தது. இதை நான் முதலில் டிவிடியில் பார்த்தபோது அந்தப் புள்ளியே தெரியவில்லை. திடீரென்று ஓர் ஒட்டகம் வந்து நின்றது, அவ்வளவுதான். புதுப்பித்த ப்ளூரேயில் பார்த்தபோதுதான், வருவது யாரென்று தெரியாமல் கிணற்றடியில் நிற்பவர்களின் பயம் எனக்கும் வந்தது. துல்லியம் என்பது வெறும் அலங்காரமில்லை என்று அன்று புரிந்தது. அந்தப் புள்ளி தெரியாவிட்டால் காட்சியே இல்லை.

மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், பொறுமையாகப் பார்ப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும். மொழியும் தடையாகும், ஆங்கிலப் படங்களின் டிஸ்க்குகளில் தமிழ் ஒலியோ தமிழ் வசனவரியோ இருப்பது அபூர்வம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பது ரான் ஃப்ரிக் இயக்கிய "பராகா". 1992இல் வந்தது, 24 நாடுகளில் 65 மி.மீ.யில் எடுத்தது, வசனமே கிடையாது. ப்ளூரேக்காக இதையும் 8கேயில் ஸ்கேன் செய்தார்கள். தொடக்கத்தில் ஜப்பானியப் பனிக்குரங்கு ஒன்று வெந்நீர்ச் சுனையில் கழுத்தளவு அமிழ்ந்திருக்கும். தலைமுடியில் பனி, சிவந்த முகம், சுற்றிலும் ஆவி. மெல்ல மெல்லக் கண் மூடும். வேறொன்றும் நடக்காது. என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இதுக்கு என்ன கவலையோ தெரியலையே" என்றாள். படம் முடிந்ததும் அந்தக் குரங்கை இன்னொரு முறை காட்டச் சொன்னாள். இதே இயக்குநரின் "சம்சாரா" 2011இல் வந்தது, அதுவும் வசனமில்லாத படம்தான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு பிபிசியின் "பிளானட் எர்த் 2". 2016இல் வந்த ஆறு அத்தியாயங்கள். கலபகோஸ் தீவில், மணலிலிருந்து வெளிவரும் இகுவானா பல்லிக் குஞ்சு பாம்புக் கூட்டத்திடமிருந்து தப்பி ஓடும் காட்சிக்கு மொழியே வேண்டாம். 2006இல் வந்த முதல் "பிளானட் எர்த்" வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். பிபிசி பதிப்பில் பேசுபவர் டேவிட் அட்டன்பரோ, அமெரிக்க டிஸ்கவரி பதிப்பில் சிகோர்னி வீவர். அட்டன்பரோவை விரும்புபவருக்கு மற்றது போனால் ஏமாற்றம்தான்.

புதிய படம் என்றால் தெளிவு, பழையது என்றால் மங்கல் என்ற கணக்கு இங்கே செல்லாது. டேனி பாய்ல் 2002இல் எடுத்த "28 டேஸ் லேட்டர்" பெரும்பகுதி மினிடிவி (MiniDV) வீடியோ கேமராவில் பதிவானது. அந்தக் கேமராவின் துல்லியம் டிவிடி அளவுதான். ப்ளூரேயில் போட்டாலும் இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்? நல்ல படம்தான், பெரிய திரையைக் காட்டும் பரிசாக மட்டும் ஆகாது. 2000களில் வந்த பல பெரிய படங்களின் இறுதி வேலை ஏறக்குறைய ப்ளூரே அளவான 2கேயில் முடிந்தது. அவற்றின் 4கே டிஸ்க் என்பது அந்த 2கேயைப் பெரிதாக்கியதுதான். ஆகவே அட்டையில் எண்ணைத் தேடாதீர்கள், "மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தது" என்ற குறிப்பைத் தேடுங்கள்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படங்கள் இதற்கு நெகிழ வைக்கும் உதாரணம். 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் நெகட்டிவ்கள் கருகிப்போயின. எஞ்சிய சுருள்களை இத்தாலியின் பொலோனா நகரில் சட்டம் சட்டமாகச் சீர்செய்து, 2015இல் 4கேயில் மீட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிய டிவிக்குப் பரிசளிப்பதா என்று தயங்க வேண்டாம். அவற்றில் ஒன்றான "பதேர் பாஞ்சாலி"யில் குளத்தின் மேல் பூச்சிகள் ஓடும் இடத்தைப் போட்டுக் காட்டுங்கள். நம் தமிழ்ப் படங்களுக்கு இப்படி ஒரு வேலை நடந்து, வீட்டில் வைத்துப் பார்க்கும் நல்ல டிஸ்க்காக வரவேண்டும் என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. சந்தோஷ் சிவனுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித்தந்த "இருவர்" படத்தின் கறுப்பையும் வெயிலையும் அந்தத் தரத்தில் பார்க்க வேண்டும்.

பிலிம் படங்களில் மெல்லிய மணல் தூவியதுபோல் ஒரு துகளாட்டம் தெரியும். பலர் அதைக் குறை என்று நினைக்கிறார்கள். அது பிலிமின் இயல்பு, நுணுக்கம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் துடைத்தெடுத்தால் தோலின் துளைகளும் துணியின் இழையும் கூடவே போய்விடும். 2010இல் வந்த "பிரிடேட்டர்" ப்ளூரே இதற்குப் பெயர்போனது. அதில் அர்னால்டின் முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். ஒரே படத்துக்குப் பல பதிப்புகள் இருந்தால், எது எந்த ஆண்டுப் பதிப்பு என்று விசாரிப்பது இதனால்தான்.

4கேயா ப்ளூரேயா என்ற கேள்விக்கு உட்காரும் தூரத்தை வைத்தும் விடை சொல்லலாம். 55 அங்குலத் திரையிலிருந்து ஏழு அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், சாதாரண பார்வை உள்ளவருக்கு 20 லட்சம் புள்ளிக்கும் 83 லட்சம் புள்ளிக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். 32 அங்குலத் திரை என்றால் நாலடி. நம் கூடங்களில் சோபா பெரும்பாலும் அதைவிடத் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் 4கே டிஸ்க்குடன் வரும் எச்டிஆர் எந்தத் தூரத்திலிருந்தும் தெரியும். வெளிச்சத்தின் உச்சத்துக்கும் இருட்டின் அடிக்கும் இடையே கூடுதல் படிகளைத் தருவது அது. ரோஜர் டீக்கின்ஸுக்கு ஆஸ்கர் பெற்றுத்தந்த "பிளேட் ரன்னர் 2049"இல், ஆரஞ்சுப் புழுதி மூடிய நகரத்துக்குள் நாயகன் நடந்து வரும் காட்சியைப் பாருங்கள். புழுதிக்குள் எத்தனை அடுக்கு நிறம் இருக்கிறது என்பது எச்டிஆர் நன்றாக வேலை செய்யும் டிவியில்தான் புலப்படும். விலை குறைந்த டிவிகளில் எச்டிஆர் என்று எழுதியிருந்தாலும் அதற்கு வேண்டிய வெளிச்சம் இருக்காது. அந்த வீட்டுக்கு ப்ளூரே போதும். மிச்சமாகும் காசில் இரண்டாவது படம் வாங்கலாம்.

படத்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து டிவியையும் சரிசெய்து கொடுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக "விவிட்" என்ற அமைப்பில் விட்டிருப்பார்கள். அதில் எல்லா நிறமும் மிகைப்பட்டுத் தெரியும். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்றும் இருக்கும். சினிமா விநாடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுவது. இடையில் டிவி தானாகச் சட்டங்களைச் செய்து செருகினால், எந்தப் பெரிய படமும் மாலை நேர மெகா தொடர் மாதிரி ஆகிவிடும். "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இரண்டும் சரியாகிவிடும்.

அக்கா வீட்டில் அப்படி மாற்றி வைத்தபோது, "என்னடா, டல்லா இருக்கே" என்றாள். பத்து நிமிஷம் மட்டும் பாரு அக்கா என்று கெஞ்சி, பிளானட் எர்த்தைப் போட்டேன். பேசாமல் பார்த்தாள். பிறகு பழைய அமைப்புக்கு மாற்றிக் காட்டினேன். "ஐயோ, புல்லெல்லாம் பச்சைப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு. மாத்துடா" என்றாள்.