உஷார்! சைடு வீல் மாட்டிய வண்டிக்கு ஆர்.சி. மாறிவிட்டதா?

முதல் காரியமாக பீரோவைத் திறந்து வண்டியின் ஆர்.சி.யை வெளியே எடுங்கள். மீதியை அதைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் ஸ்கூட்டரில் பின்பக்கம் இரண்டு சைடு வீல் இருக்கிறது. அந்தச் சக்கரங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கின்றனவா? வெறும் ஸ்கூட்டர் என்று மட்டும் அதில் இருந்தால், நீங்கள் ஓட்டுவது ஒரு வண்டி, அரசாங்கக் கணக்கில் இருப்பது வேறொரு வண்டி. இந்த வித்தியாசம் விபத்து நடக்காத வரை யார் கண்ணிலும் படாது. நடந்துவிட்டால் வீட்டுப் பத்திரம் வரைக்கும் கேள்வி வரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கல்லிடைக்குறிச்சியிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்திலும் இப்படி ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்தியாவை போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் அறிவித்தார்கள். அதற்கு முன்பே அந்த நோய் காலைப் பிடித்துக்கொண்ட தலைமுறை இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டி நம் தெருக்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அப்பளக் கட்டுகளை முன்னால் அடுக்கிக் கடை கடையாகப் போடுகிறவர்கள், லாட்டரியும் பெட்டிக்கடையும் போன பிறகு மொபைல் ரீசார்ஜ் கடை வைத்தவர்கள், ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் அந்த வண்டிதான் கால். அப்படி ஒருவரிடம் அண்மையில் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒங்க வண்டி ஆர்.சி.ல சைடு வீல் ஏத்தியாச்சா?”

“அது எதுக்குங்கேன்? இத்தன வருசமா ஓட்டுதேன், ஒரு போலீசும் நம்மள நிறுத்துனது கெடையாது.”

ஆபத்து இருப்பது அந்தப் பதிலில்தான். செக்கிங் நடக்கும்போது சைடு வீல் வண்டியைப் பார்த்தால் போலீஸ்காரர் கையைக் காட்டி “போங்க போங்க” என்று விட்டுவிடுகிறார். அது அவருடைய மனசு. அந்த மனசு இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு இருக்காது, இருக்கவும் முடியாது. பாபநாசம் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குறுக்கே ஓடிவந்து அடிபட்டுவிட்டது என்று வையுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முதலில் எடுத்துப் பார்ப்பது மூன்று தாள்கள்: ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ். மூன்றும் ஒரே வண்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் பழைய காலத்தில் ‘இன்வேலிட் கேரேஜ்’ என்று ஒரு வகை இருந்தது. 2019-ல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டு ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. உடற்குறையோ மாற்றுத்திறனோ உள்ள ஒருவருக்காகவே செய்யப்பட்ட அல்லது மாற்றப்பட்ட வண்டி, அவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்படும் வண்டி என்று விளக்கம். ‘மட்டுமே’ என்பதைக் கவனியுங்கள். மகன் அதில் சிமெண்ட் மூட்டை ஏற்றுவதும் மருமகன் மணிமுத்தாறுக்கு எடுத்துக்கொண்டு போவதும் இந்த விளக்கத்துக்குள் வராது.

அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. ஆனால் நமக்கு ஒரு பெரிய சலுகை கொடுத்திருக்கிறது: மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வண்டியாக மாற்றுவதற்கு முன்கூட்டியே அனுமதி தேவையில்லை, மாற்றிய பிறகு ஆர்.டி.ஓ.விடம் ஒப்புதல் வாங்கினால் போதும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ‘பிறகு வாங்கினால் போதும்’ என்பதில் ‘பிறகு’ மட்டும் மனசில் நின்றுவிடுகிறது, வருஷங்கள் ஓடிவிடுகின்றன. ஒப்புதல் இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது.

ஒர்க் ஷாப்பில் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறேன். நல்ல கிட் என்றால் இரும்பு பிரேம் வண்டியின் சேஸிஸில் நட்டு போல்ட்டால் இறுகும், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக் அப்சார்பர் இருக்கும், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் வண்டி சாயாது. மலிவு வேலையில் ஒரு பழைய குழாயை வளைத்து சைலன்சர் ஓரமாக வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். கன்னடியன் கால்வாய்க் கரை மாதிரி ஒரு பக்கம் சரிந்த பாதையில் போனால் பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், பிரேக் பிடிக்காது. மோட்டார் வாகன ஆய்வாளர் அந்த வெல்டிங்கைப் பார்த்த உடனே திருப்பி அனுப்பத்தான் செய்வார். அதனால் கிட்டுக்கு சோதனை நிறுவனத்தின் சான்று இருக்கிறதா, ஜி.எஸ்.டி. பில் தருவார்களா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். இந்தக் கிட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்று 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. பில் இல்லாமல் வாங்கினால் மிச்சமாவது சொற்பம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

புது வண்டி எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2020 அக்டோபரில் மத்திய அரசு பதிவு விண்ணப்பமான படிவம் 20-ஐத் திருத்தியது. உரிமையாளர் வகை என்ற இடத்தில் ‘திவ்யாங்ஜன்’ என்று தனியாக உண்டு. ஷோரூமில் அவசரத்தில் ‘தனிநபர்’ என்று போட்டுவிடுகிறார்கள். பிறகு வரிச் சலுகை கேட்டு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். படிவத்தை நீங்களே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளை படித்துச் சொன்னாலும் சரி.

அடுத்தது லைசென்ஸ். பலரிடம் ஒன்றும் இல்லை. சிலரிடம் கால் நன்றாக இருந்த காலத்தில் எடுத்த கியர் வண்டி லைசென்ஸ் இருக்கிறது. இரண்டும் போதாது. லைசென்ஸிலும் அடாப்டட் வெஹிக்கிள் என்ற வகை தனியாக இருக்கிறது, எல்.எல்.ஆர். போடும்போதே அதைத் தேர்வு செய்ய வேண்டும். ‘கால் இல்லாதவனுக்கு லைசென்ஸ் தரமாட்டான்’ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தப்பு. மாற்றியமைத்த வண்டியை ஓட்டத் தகுதி இருக்கிறது என்று அதிகாரி திருப்தி அடைந்தால் கொடுக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. டெஸ்ட்டுக்கு உங்கள் வண்டியிலேயே போங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 5,000 ரூபாய்.

ஆனால் அபராதம் சின்ன விஷயம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடம் அதைத் திரும்ப வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் இதை விரிவாக வகுத்தது. லைசென்ஸ் குறைபாடு விபத்துக்குக் காரணமாக இருந்தது, உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்றெல்லாம் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அதை நம்பி இருக்கலாமா? ஒரு உயிருக்கான இழப்பீடு லட்சங்களில் போகிறது. அப்பளம் போட்டுச் சேர்த்த காசில் அது தீராது.

இன்ஷூரன்ஸில் ஒரு தேதி பலருக்குத் தெரியாமலே கடந்துபோயிருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். வாங்கிய நாளில் போட்டதோடு யாரும் நினைவுபடுத்துவதில்லை. 2020-ல் வந்த வண்டிக்கு அது 2025-லேயே முடிந்துவிட்டது. அரசாங்கம் கொடுத்த வண்டிதானே, அரசாங்கமே கட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே பாலிசியைப் பாருங்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, பொறுப்பும் உங்கள் பெயரில்தான். புதுப்பிக்கும்போது மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டிக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி கேளுங்கள். மோட்டார் காப்பீட்டு விதிகளில் அது இருக்கிறது. ஆனால் அதற்கும் ஆர்.டி.ஓ. ஆர்.சி.யில் குறிப்பு ஏற்றியிருக்க வேண்டும். எங்கே சுற்றினாலும் அந்த ஆர்.சி.க்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து ஆவணங்கள் ஊறிப்போனவர்கள் நம் பக்கத்தில் அநேகம். இன்னும் நகல் ஆர்.சி. வாங்காதவர்கள் வாங்கிவிடுங்கள். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும், ஆனால் அதில் இருப்பதும் ஆர்.டி.ஓ. கணக்கில் இருப்பதுதான்.

இப்போது பேட்டரி வண்டி. “லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்” என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, இரண்டும் சேர்ந்து இருந்து சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்றிருந்தால்தான் அந்த விலக்கு. சைடு வீல் மாட்டினால் வண்டி இழுக்கவில்லை என்று பெரிய மோட்டார் போட்டுக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. போட்ட நிமிஷமே விலக்கு போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு வாங்கி அனுப்பும் நாலு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர்களும் இதே கணக்குதான். பிரிட்டனில் ரோட்டில் மணிக்கு 8 மைல் போகும் வகையை அங்கே கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், லைசென்ஸ் தேவையில்லை. அந்த ஊர் பதிவு நம் ஊரில் செல்லாது. மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். பெரிய வகைகளில் 250-ஐத் தாண்டியே இருக்கும். வீட்டு முற்றத்திலும் கோயில் பிராகாரத்திலும் ஓட்டுவது வேறு, மெயின் ரோட்டுக்கு எடுத்து வருவது வேறு.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அடையாள அட்டை. பழைய நீலப் புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது. மத்திய அரசுத் திட்டங்கள் பலவற்றுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் யூ.டி.ஐ.டி. என்ற தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள எண் கட்டாயம். 2024 அக்டோபரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட விதிகளைத் திருத்தினார்கள். அட்டைக்கு நிறம் வந்திருக்கிறது: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். சான்று கொடுக்க ஒரு மாதம் என்று இருந்த கெடு மூன்று மாதமாகிவிட்டது. ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ வேண்டும், ஆதார் வேண்டும். எனக்கு மிகவும் பதறுவது இதைப் பார்த்துத்தான்: விண்ணப்பத்தின் மேல் மருத்துவ அதிகாரி இரண்டு வருஷம் வரை முடிவெடுக்கவில்லை என்றால் அந்த விண்ணப்பம் செயலற்றுப் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். தாமதம் ஆஸ்பத்திரியுடையது, தண்டனை நடக்க முடியாதவருக்கு. இது அநியாயம், மாற்றப்பட வேண்டும். மாறும் வரை இ-சேவை மையத்தில் கொடுத்த ரசீதைத் தொலைக்காதீர்கள். போட்ட தேதியை அதன் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். மூன்று மாதம் தாண்டியதும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள்.

புரோக்கர்கள் விஷயத்திலும் ஜாக்கிரதை. சைடு வீல் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டரை மாநில அரசு இலவசமாகவே தருகிறது. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இயங்குபவர்களுக்கான திட்டம் அது. ஒரு காலில் மட்டும் குறை உள்ளவரிடம் “நான் எழுதி வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்பவர் உங்களை ஜெயிலுக்கு அனுப்பும் வேலை பார்க்கிறார். பொய்ச் சான்று காட்டிச் சலுகை பெற முயன்றாலே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாட்டப்போவது சான்றில் பெயர் உள்ளவர்.

வழி தெரியாதவர்கள் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுதிக் கொடுக்கலாம். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, கிட் பில், அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சைடு வீல் நன்றாகத் தெரியும்படி வண்டியைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த போட்டோ இரண்டு வையுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆர்.சி.யில் ஒப்புதல் ஏறும் வரை வண்டியைத் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம் போக வேண்டியிருந்தால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.