நோயாளி நீங்கள், எஸ்எம்எஸ் அப்பாவுக்கு

சேலத்திலிருந்தோ ஓசூரிலிருந்தோ வந்து, பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பெண் தனியாக மருத்துவரைப் பார்க்கலாமா? தாராளமாக. 18 வயது நிரம்பியவரின் சிகிச்சைக்கு அவர் சம்மதமே போதும். கருக்கலைப்புக்கும் அப்படித்தான். சட்டத்தில் இல்லாத குடும்பச் சம்மதத்தை மருத்துவர்கள் கேட்கக்கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருக்கலைப்பு செய்துகொண்டவரின் அடையாளத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் கதை வேறு. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

நோயாளி சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லக்கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. நீதிமன்ற உத்தரவு, பிறருக்கு உறுதியான ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே தீரவேண்டிய நோய் ஆகியவை விதிவிலக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பே கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் வந்ததுதான்.

ஆனால் விஷயம் பெரும்பாலும் மருத்துவர் வாயிலிருந்து கசிவதில்லை. ரிசப்ஷனில் நிரப்பும் படிவத்திலிருந்து கசிகிறது. சின்ன வயதில் அதே மருத்துவமனைக்குப் போயிருந்தால் கோப்பில் அப்பாவின் செல்போன் எண்தான் இருக்கும். அப்பாயின்ட்மென்ட், பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் அவருக்கே போகும். முதலில் அந்த எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் அலுவலக இன்சூரன்சில் க்ளெய்ம் செய்தால் அவருக்குத் தகவல் போகாமல் இருக்காது. மறைக்க வேண்டுமென்றால் கைக்காசுதான் வழி. அம்மாவின் கணக்கோடு இணைந்த யுபிஐயில் கட்டிவிட்டு ரகசியத்தை எதிர்பார்க்காதீர்கள்!

வீட்டுக்குப் பயந்து மருத்துவரிடமே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்து. மருத்துவரைத் தவிர்த்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் கருக்கலைப்பு மாத்திரை உயிருக்கே உலை வைக்கலாம்.

மனநல சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நீங்களே நியமிக்கலாம். அவர் தோழியாகவும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டும் மருத்துவர் தேவையான அளவு தகவலைப் பிறருக்குச் சொல்வார். அது நியாயமும்கூட.

ரகசியம் மீறப்பட்டால் எஸ்எம்எஸ், பில் நகல்களைப் பத்திரப்படுத்தி, முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மருத்துவர் மீதான புகார் கர்நாடக மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். தனியார் மருத்துவமனை மீதென்றால், டெபுடி கமிஷனர் (தமிழ்நாட்டில் கலெக்டர் என்போமே, அவர்தான்) தலைமையிலான மாவட்டக் குறைதீர் ஆணையத்தை நாடலாம்.

யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வழிகாட்டலில் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.