பிராணிகளோடு பழகும் கோடை முகாம்

சென்னைக்கு மேற்கேயுள்ள முகப்பேர், ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. வீட்டு வசதி வாரியத்தின் திட்டங்களால் அது பெருங் குடியிருப்பாக வளர்ந்தது. 2011-ஆம் ஆண்டில் அம்பத்தூர் நகராட்சியோடு சென்னை மாநகராட்சியில் இணைந்தது. அடுக்குமாடி வீடுகளில் வளரும் இத்தகைய பகுதிக் குழந்தைகளுக்கென, கோடை விடுமுறையில் பிராணிகளோடு பழகும் முகாம்கள் நகர்ப்புறங்களில் நடைபெறுகின்றன. முயலுக்குத் தீனி வைக்கவும், நாயைக் குளிப்பாட்டவும், ஆட்டுக்குட்டியைத் தூக்கி மகிழவும் பெற்றோர் கட்டணம் செலுத்துகின்றனர். இதைக் கேட்டால் நம் கிராமத்துப் பெரியவர்கள் நகைப்பார்கள். ஆனால், அவர்களுடைய பேரப் பிள்ளைகளும் இன்று தொழுவத்தின் பக்கம் அதிகம் செல்வதில்லை என்பதை நாம் கண்டு வருகிறோம்.

பிராணிகள் நலத்தில் நம் மாநிலம் பின்தங்கியதன்று. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்படுவதற்கு முன்னின்று உழைத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அச்சட்டத்தின்படி 1962-இல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கமும் சென்னையில் தோன்றியதே. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் மாணவர்களுக்குக் கோடை முகாம்கள் நடத்தப்பட்டதுண்டு. அங்கே விலங்குகளைத் தொட்டு விளையாட இடமில்லை. அவற்றின் உணவையும் இயல்பையும் கண்டறிவதே பாடம். முகாம் நடத்துவோர் யாவரும் இதைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. ஒரு குட்டியை நாற்பது பிள்ளைகள் கைமாற்றிப் படம் பிடித்துக்கொள்வது பிராணிக்குத் துன்பமேயன்றி, பிள்ளைகளுக்குக் கல்வியாகாது.

கிராமத்தில் இத்தகைய முகாம் நடத்தப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. கால்நடை மருந்தகமும், மாடு வைத்திருக்கும் இரண்டொரு குடும்பங்களும், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் போதும். வெயில் ஏறுமுன், காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

முதல் நாள் வேலையாக ஒரு நாட்டுக்கோழியை அடை வைப்பது என் யோசனை. முட்டை பொரிய 21 நாட்களாகும்; விடுமுறைக்குள் அடங்கிவிடும். பத்து முட்டைகளில் கரியால் அடையாளமிட்டு, நிழலான இடத்தில் கூடையில் மணல் பரப்பி வைக்கலாம். ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக் கூடியதில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். கூடாதது வெறுமையாக இருக்கும். இக்காட்சிக்கு ஈடான விஞ்ஞானப் பாடம் வேறு உண்டோ? அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் வைக்கச் சொல்லிப் பாட்டிமார் வந்து நிற்பார்கள். வைத்துவிடலாம், கோழிக்கு அதனால் கேடில்லை, பாட்டிமாரின் துணையும் கிடைக்கும். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே கண்டிப்பாக ஏற்படுத்திவிட வேண்டும்.

அடுத்தது தொழுவம். கோடையில் கறவை மாடு நாளொன்றுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். குடத்தால் அளந்து ஊற்றும் பிள்ளை இதை ஒருபோதும் மறவாது. அசைபோடுவதைக் கவனித்தல், விலா அசைவைக் கொண்டு மூச்சை எண்ணுதல் ஆகியவற்றைக் கால்நடை உதவி மருத்துவர் ஒரு காலைப்பொழுதில் கற்பித்துவிடுவார். கோமாரித் தடுப்பூசி ஏன் ஆறு மாதத்துக்கொரு முறை போடப்படுகிறது என்பதை அவர் அன்றே விளக்கினால், அச்செய்தி வீடுதோறும் சென்று சேரும்.

கிளி, ஆமை ஆகியவற்றைப் பிள்ளைகள் ஆசையாக எடுத்து வருவதுண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆதலால் அவற்றுக்கு முகாமில் இடமில்லை.

நாயைப் பற்றியே நான் சற்று விரிவாகக் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைத் தெருநாய்க்குட்டி கடித்துவிட்டது. அப்பா அடிப்பார் என்று அஞ்சி அவன் அதை மறைத்துவிட்டான். நான்காம் நாள் பாட்டி தற்செயலாகக் காயத்தைப் பார்த்திராவிடில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நடுக்கமுண்டாகிறது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது. சந்தேகத்துக்குரிய பிராணிகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே முகாமின் ஒரு காலைப்பொழுதை இதற்கென்றே ஒதுக்கி, கிராம சுகாதாரச் செவிலியரையும் பெற்றோரையும் அழைத்தல் அவசியம். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டியீன்ற நாய் ஆகியவற்றின் அருகே செல்லலாகாது. நாய் துரத்தினால் ஓடாமல் மரம்போல் அசையாது நிற்க வேண்டும். கடிபட்டால் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றை அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாட்களில் ஓர் ஊசியும் தவறலாகாது. இவற்றைப் பிள்ளைகள் நடித்துக் காட்டலாம். கடிபட்டதைச் சொன்னால் அடிக்க மாட்டோம் என்று பெற்றோர் அன்று பிள்ளைகளின் முன்னிலையில் வாக்களிக்க வேண்டும்.

அச்சிறுவன் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறான்.