திறப்பு யாரிடம்? – 8
அட்மின் மட்டும் எழுதலாம்

கொரோனாக் காலத்தில் பிறந்த வட்ஸ்அப் குழுக்கள் நம் பாடசாலைகளில் இன்னும் சாகவில்லை. ‘தரம் 8 பெற்றோர்’, ‘தரம் 10 கணிதம்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். பல குழுக்களில் எழுதுகிற இடத்தில் ஒரு அறிவிப்பு நிற்கும்: அட்மின் மட்டும் எழுதலாம். கூட்டத் திகதி வரும், கட்டவேண்டிய காசு வரும், வீட்டுவேலை வரும். தாய்தகப்பன் பார்க்கலாம், கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம். கேள்வி கேட்க இடமில்லை.

இரவு பதினொரு மணிக்கு நூறு பேர் ‘காலை வணக்கம்’ அனுப்பும் தொல்லையிலிருந்து தப்ப ஆசிரியர்கள் செய்த ஏற்பாடு அது. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் கல்வி நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சென்ற வாரங்களில் பள்ளிக்கூடத்தின் திறப்பு கைமாறிய கதையைப் பார்த்து வந்தோம். கேற்றைத் திறக்கும் திறப்பைப் பற்றியதல்ல இந்தத் தொடர். எதைப் படிப்பிப்பது, யாரைக் கொண்டு படிப்பிப்பது, காசை எதற்குச் செலவழிப்பது என்ற மூன்றையும் முடிவு செய்கிறவர் யார் என்பதே கேள்வி. பள்ளிக்கூடம் கைபேசித் திரைக்குள் போனால் அந்தத் திறப்பு எங்கே போகும்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1991இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் வாங்காத பாடசாலையை அரசின் வழக்கமான நிர்வாகத்துக்கு வெளியே ஒரு தனிச் சபை நடத்தலாம். அதற்கு ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ள வேண்டும். சொன்னதைச் செய்யாவிட்டால் அனுமதி பறிபோகும். ‘சார்ட்டர்’ பாடசாலை என்பது இதுதான். முதலாவது பாடசாலை 1992இல் செயின்ட் போல் நகரில் திறந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் கூடி முடிவெடுப்பார்கள், பாடத்திட்டத்தை ஊருக்கு ஏற்றபடி வளைப்பார்கள் என்பது அன்றைய கனவு.

இணையம் வந்ததும் அந்தக் கனவுக்குக் கட்டடமே தேவைப்படவில்லை. ஒஹாயோ மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எக்கொட்’ என்ற ஒன்லைன் சார்ட்டர் பாடசாலை, அந்த நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது. சபை ஒன்று இருந்தது. ஆனால் நிர்வாகத்தையும் பாட மென்பொருளையும் பாடசாலைக்கு விற்றவை, அதை நிறுவியவரின் சொந்தக் கம்பெனிகள். பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று மாநில அரசு கணக்குக் கேட்டபோது, வாங்கிய பணத்துக்குப் போதிய வரவு இல்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய 8 கோடி டொலரைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பாடசாலை மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பாடசாலை தேடி அலைந்தார்கள்.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 2015இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ‘கிரெடோ’ ஆய்வு நிலையம் ஒன்லைன் சார்ட்டர் பாடசாலைகளை ஆராய்ந்தது. வழக்கமான அரசுப் பாடசாலைகளில் படித்த தங்களை ஒத்த பிள்ளைகளைவிட, இவர்கள் வாசிப்பில் 72 நாள் பாடமும் கணிதத்தில் 180 நாள் பாடமும் பின்தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு கல்வியாண்டே 180 நாள்தான். கணிதத்தைப் பொறுத்தவரை அந்த வருடம் முழுவதும் வீட்டில் சும்மா இருந்ததற்குச் சமம்.

எக்கொட்டில் கெட்டுப்போனது எது? குறையைக் கணினிகளில் தேட வேண்டியதில்லை. முடிவெடுக்கிறவரும் அந்த முடிவால் இலாபம் பெறுகிறவரும் ஒரே ஆளாக இருந்ததும், பிள்ளையைப் பெற்றவர் போய்த் தட்ட ஒரு கதவு இல்லாததுமே வினையாகின.

இனி மன்னாருக்கு வருவோம்.

நம் கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.   ஒரு காலத்தில் அந்தப் பள்ளிக்கூடங்களின் திறப்பு பங்குச் சுவாமியிடம் இருந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்க ஊர்கள் சிலவற்றில் பெற்றோர் பாடசாலைக்குள் புகுந்து குடியிருந்து மறித்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்து பேசிய பிறகே 1961 ஜனவரியில் அந்த மறியல் தணிந்தது.

அந்தச் சண்டையில் திருச்சபை ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம். இருவரும் பிள்ளைகளின் பேரில்தான் பேசினார்கள். ‘பெற்றோரே, உங்களுக்கு என்ன பாடம் வேண்டும்?’ என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. சுவாமி வைத்திருந்தபோது திறப்பு குறைந்தது ஊருக்குள் இருந்தது. போய்க் கதவைத் தட்டலாம். ஆனால் வேறு சமயத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு ஒரே மாதிரித் திறக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அரசு எடுத்ததில் நியாயம் இருந்தது. எடுத்த திறப்பை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதில்தான் வழக்கு.

அதே பதியுதீன் மஹ்மூத் 1970இல் மறுபடியும் கல்வி அமைச்சரானார். 1972இன் கல்விச் சீர்திருத்தத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. சாதாரண தரத்தை நீக்கிவிட்டுப் புதிய தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ‘தொழில்முன் கல்வி’ என்று ஒரு பாடம். பாடசாலை தன் சுற்றுவட்டாரத்தில் நடக்கிற தொழிலைப் பார்த்து அதைப் பாடமாக எடுக்கலாம். கரையோரமென்றால் மீன்பிடி, வயல்பக்கமென்றால் விவசாயம். ஊரைப் பார்த்துப் பாடம் வகுப்பதென்ற எண்ணம் அரசின் திட்டத்துக்குள்ளேயே ஒருமுறை வந்து போனது.

அது ஏன் நிலைக்கவில்லை? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, கருவி இல்லை என்பவை ஒரு பாதிக் காரணம். மறுபாதி பெற்றோரின் மனசில் இருந்தது. கடலில் நாங்கள் படுகிற பாடு போதாதா, பிள்ளைக்கும் வலையைத்தானா படிப்பிக்கப் போகிறீர்கள் என்ற மனசு அது. வாடியில் உப்புக்காற்றில் வளர்ந்தவருக்குப் பள்ளிக்கூடம் என்பதே கரையை விட்டு வெளியேறும் வழி. அந்த வழியை அடைக்கிறார்கள் என்று நினைத்ததில் பிழை காண முடியாது. 1977இல் ஆட்சி மாறியதும் திட்டம் போய்விட்டது. சாதாரண தரம் திரும்பி வந்தது. ஊருக்கு ஏற்ற பாடம் என்று கொழும்பே தீர்மானித்துத் தந்தால், அதையும் ஊர் மேலிருந்து வந்த கட்டளையாகத்தான் பார்க்கும்.

தூரத்தில் எடுக்கிற முடிவு எல்லாம் கெடுதல் என்று எழுதுவது சுலபம். மன்னாரிலிருந்து எழுதுகிறவர் அப்படி எழுதினால் அது நன்றி மறந்த பேச்சு. பல்கலைக்கழக அனுமதியில் இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. 1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளைச் சரிக்கட்டிய தரப்படுத்தல் யாழ்ப்பாணத்தில் விதைத்த கசப்பு எல்லோருக்கும் தெரியும். மாவட்ட ஒதுக்கீடு இல்லாதிருந்தால் மருத்துவ பீடத்தையும் பொறியியல் பீடத்தையும் எட்டியிருக்க முடியாத பிள்ளைகள் மன்னாரில் உண்டு என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே கேள்வி தூரத்தைப் பற்றியது மட்டுமல்ல. முடிவெடுத்தவரைப் பிடித்துக் கேட்க வழி இருக்கிறதா என்பதைப் பற்றியது.

இப்போது அந்த வழியை நடந்து பார்ப்போம். மன்னார் மாவட்டத்துக்கு மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள். உங்கள் பிள்ளை படிப்பது தேசிய பாடசாலை என்றால், அது நேரே பத்தரமுல்லை ‘இசுருபாய’வில் உள்ள மத்திய கல்வி அமைச்சின் கீழ். மற்றவை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் கீழ். வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவானது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காமலே வருடங்கள் ஓடின. மாகாணக் கல்வி ஆளுநரின் கீழ் போனது. ஆளுநர் கொழும்பின் நியமனம். கலைத்திட்டமோ எந்தப் பாடசாலையானாலும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் எழுதப்படுகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது அது.

ஊரில் மிஞ்சுவது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர் தலைவர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் உறுப்பினர். 2006இலிருந்து பாடசாலைமட்ட முகாமைத்துவத்தை வலுப்படுத்துவதாக அரசு ஒரு திட்டத்தையும் நடத்தியது. நடைமுறையில் சங்கக் கூட்டத்தில் பேசப்படுவது என்ன? மதில், மலசலகூடம், விளையாட்டுப் போட்டிக் கூடாரம், சிரமதானம். கல்லும் சீமெந்தும் நம் கையில். பாடம் மகரகம கையில்.

2020 மார்ச் 13ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது இந்த ஏற்பாடு வெட்டவெளிச்சமானது. அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளம் மூன்று மொழியிலும் இருந்தது. தொலைக்காட்சிப் பாடங்கள் ஓடின. ஆனால் உண்மையான ஒன்லைன் பள்ளிக்கூடம் ஆசிரியரின் சொந்தப் போனில், அவர் சொந்தக் காசில் போட்ட டேட்டாவில் நடந்தது. பதுளைப் பக்கம் பொகிட்டியாவ என்ற ஊரில் சிக்னல் தேடிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டுக்குள்ளால் மலையுச்சிக்கு ஏறினார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் படம் எடுத்துப் போட்டன. மன்னாரில் ஏற மலை இல்லை. கடற்றொழிலாளி வீட்டில் ஒரேயொரு ஸ்மார்ட் போன் இருந்தால் அது விடியற்புறம் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். ஒன்பது மணி வகுப்புக்கு வீட்டில் போன் இருக்காது.

இந்த ஒரு விடயத்தைத் தெரிந்திருக்கக் கூடியவர் யார்? மகரகமவுக்குத் தெரியாது. ஊர்ச் சங்கத்துக்குத் தெரியும். வகுப்பை மாலை ஆறு மணிக்கு வையுங்கள் என்று சொல்ல அதற்கு ஒரு கூட்டம் போதும். சங்கத்தின் வேலையாக அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 2021 ஜூலை 12இலிருந்து ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்திச் சம்பள முரண்பாட்டுக்காகப் போராடியபோதும் மாதக் கணக்கில் இரண்டு தரப்பே பேசிக்கொண்டது: தொழிற்சங்கம், அரசாங்கம். பெற்றோருக்கு மூன்றாவது நாற்காலி போடப்படவே இல்லை.

புதிய கல்விச் சீர்திருத்தத்தைப் பாருங்கள். தரம் 1, தரம் 6 இரண்டிலும் 2026இல் தொடங்குவதாக இருந்தது. தரம் 6 ஆங்கிலப் பாடத் தொகுதியில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத ஓர் இணைய முகவரி நுழைந்திருந்தது தெரியவந்ததும் பெரிய சர்ச்சை. தரம் 6 சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிப்போனது. ஒரு வரிப் பிழை நாட்டின் எல்லாத் தரம் 6 பிள்ளைக்கும் ஒரே நாளில் போய்ச்சேரும் அளவுக்குத் திறப்பு ஒரே இடத்தில் தொங்குகிறது. அச்சுக்கு முன் பத்து ஊர்ச் சங்கங்களில் பத்துத் தாய்மார் அதைப் புரட்டியிருந்தால் போதும்.

கலைத்திட்டம் முழுவதையும் ஊரே எழுதட்டும் என்று நான் கேட்கவில்லை. கணிதம் மன்னாருக்கு ஒன்று, மாத்தறைக்கு ஒன்று என்று இருக்க முடியாது. எக்கொட்டின் கதை காட்டுவதுபோல், கண்காணிக்க ஆளில்லாத சுதந்திரம் யாரோ ஒருவரின் கல்லாப்பெட்டியில் போய் முடியும். ஆனால் இருக்கிற விதிக்குள்ளேயே ஒரு சிறிய திறப்பு பாடசாலையிடம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண தரத்தில் ஒன்பது பாடம்: ஆறு கட்டாயம், மூன்று தொகுதிப் பாடம். தொகுதிப் பட்டியலில் விவசாயமும் உண்டு, நீர்வாழ் உயிரின வளத் தொழினுட்பமும் உண்டு. பட்டியலில் எதைத் தன் பாடசாலை கொடுக்கும் என்பதை அதிபர், இருக்கிற ஆசிரியரைப் பார்த்து முடிவு செய்கிறார். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் நீர்வளப் பாடம் எத்தனை பாடசாலையில் இருக்கிறது, இல்லையென்றால் அதற்கு ஆசிரியர் கேட்டு வலயத்துக்குக் கடிதம் போனதா என்பது எந்தப் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்வி.

வாசகரே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டம் வரும். மதில் கணக்கு முடிந்ததும் எழும்பி இரண்டு கேள்வி கேளுங்கள். தரம் 10இல் எந்தத் தொகுதிப் பாடம் இல்லை, ஏன் இல்லை? மறுபடி பாடசாலை பூட்டப்பட்டால் வகுப்பு எத்தனை மணிக்கு என்று யார் முடிவு செய்வார்? பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கேள்வியைக் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்படும்போது அந்த இரண்டு கேள்வியும் வாசிக்கப்பட்டே ஆகும். அந்தக் கொப்பியில் எழுத அட்மின் அனுமதி தேவையில்லை.

(தொடரும்)